முன்சக்கரத்துச் சத்தம்

சக்கரத்தைத் தட்டிவிட்டார் மருதாசலம். ஸ்ஸ்ஸ் என்றது. கையால் நிறுத்தி, போனால் போகிறது, இன்னொரு தடவை பார்ப்போம் என்று மறுபடி தட்டிவிட்டார். அதே ஸ்ஸ்ஸ். வாசல் கிரில்லுக்கு உள்ளே பழைய போர்வையை விரித்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார். முக்காலியில் உட்கார்ந்தால் முன்சக்கரம் சரியாக முகத்துக்கு நேரே வந்தது. காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற காது அது. பின்படிக்கட்டில் நின்றபடியே எந்தச் சக்கரத்தில் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, நீ டிக்கெட்டைப் போடுய்யா என்று டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட காது. சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இது அப்படி இல்லை, விடாமல் உரசுகிறது. ஆக, புதிதாகப் போட்ட டிஸ்க் தட்டு நேராகத்தான் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் பிடிபடவில்லை. சாயங்காலம் டெம்போ வந்துவிடும். கட்டில், மடக்கு மேசை, இரண்டு பெட்டி, பாத்திர மூட்டை, கடைசியாக இந்தச் சைக்கிள், எல்லாம் ஓசூருக்குப் போகும். கூடவே மருமகள் தாரணியும் போவாள். அவர் மறுபடி சக்கரத்தைத் தட்டிவிட்டார்.

எல்லாம் புதுசு. அதுதான் எரிச்சலாக இருந்தது. பழைய வண்டியாக இருந்தவரை இது சத்தமே போட்டதில்லையே. மகன் நவநீதன் இதை ஓட்டிக்கொண்டு வந்து படிக்கட்டுக்கு அடியில் நிறுத்துவது வீட்டுக்குள் யாருக்கும் தெரியாது, செருப்பைக் கழற்றும்போதுதான் வந்துவிட்டான் என்று தெரியும். அவன் போன பிறகு படிக்கட்டடியிலேயே மழைச்சாரல் குடித்துக் குடித்து முன்சக்கரம் துருவேறிப் போயிற்று, டயர் வெடித்துவிட்டது, சீட்டைப் பூனை பிறாண்டிவிட்டது. ஓசூரில் வாடகை ரூமில் இருந்து கம்பெனிக்கு சைக்கிளில் போய்க்கொள்கிறேனுங்க மாமா, அவரோடதையே எடுத்துக்கட்டுங்களா என்று தாரணி கேட்டபோது எடுத்துக்க கண்ணு என்று உடனே சொல்லிவிட்டார். மகன் பனைமரம், மருமகள் அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். அவன் வண்டி அவளுக்கு எப்படி? அதற்கென்று ஹேண்டிலைத் தாங்குகிற சின்ன ஸ்டெம், தாழ்ந்த சீட், புது முன்சக்கரம், புது டிஸ்க், புது பிரேக் பேட் எல்லாம் வாங்கிவந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே மாட்டினார். கடையில் கொடுத்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். கொடுக்க மனசு வரவில்லை. அவன் கடைசியாக முடுக்கிய போல்ட்டை வேறொருவன் கழற்றுவானா என்று ஒரு வீம்பு. கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டும் இறுகிப்போய் இருந்தது. எல் கீயைப் போட்டுத் திருகத் திருக, அவன் கைப் பலத்தோடு மல்லுக்கட்டுவதுபோல இருந்தது. கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக் கழுவினார். சுத்தம் விஷயத்தில் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. டிப்போவில் வண்டியை விடுமுன் சீட்டுக்கடியில் கிடக்கும் கிழிந்த டிக்கெட்டைக்கூடப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். கிண்ணத்தின் அடியில் கறுப்பாக வண்டல், துரு, மண். அதில் ஏதோ மின்னியது. அப்படியே காகிதத்தில் கொட்டிச் சுருட்டிக் குப்பையில் போட்டார். காலையில் மாநகராட்சி வண்டி வந்து வாங்கிக்கொண்டு போயிற்று.

சரி, இன்னொரு முறை. கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்த வேண்டும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் கேலிப்பர் தானே தட்டைக் கவ்வி நடுவில் வந்து நிற்கும். பிடித்த பிடியை விடாமல் போல்ட்டை முடுக்க வேண்டும். வீடியோவில் வந்த பையன் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே செய்தும் காட்டினான். அவனுக்குக் கை நீளம். இங்கே பிரேக் லீவர் தரையோடு கிடக்கிறது, போல்ட் மேலே இருக்கிறது, இவருக்கு இருப்பதோ இரண்டு கை, அதில் வலது தோள் பாதிநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் முடுக்க வேண்டும். உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்டது. கூப்பிடலாம். கூப்பிடவில்லை. உன் பயணத்துக்கு நீயே வந்து கை கொடு என்று அவளை எப்படிக் கூப்பிடுவது? தோளில் கிடந்த துண்டை எடுத்து லீவரையும் ஹேண்டிலையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். தட்டைக் கேலிப்பர் கவ்வியது. மேல் போல்ட்டை முடுக்கினார். கண்ணெதிரே கேலிப்பர் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டது. கீழ் போல்ட்டை முடுக்கினார். துண்டை அவிழ்த்துச் சக்கரத்தைத் தட்டினார். ஸ்ஸ்ஸ். இந்தச் சத்தத்தை வேறெங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது, பஸ்ஸில் இல்லை, பஸ்ஸில் இல்லை என்று மனசு அந்த இடத்துக்குப் போகாமல் சுற்றி வந்தது, சுற்றியும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி. சுவரில் இருந்து வந்த ஆக்சிஜன் குழாய். காய்ச்சல் என்று தானே நடந்துபோய்ப் படுத்தவன் மூக்கில் அந்தக் குழாய் இப்படித்தான் விடாமல் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். வேறு பிரார்த்தனை எதுவும் அவருக்கு வரவில்லை. நர்ஸ் வந்து திருகை மூடினாள். அவ்வளவுதான்.

கிண்ணத்தில் ஏதோ மின்னியதே, அது என்ன? துருவாக இருக்காது, துரு மின்னாது. போகட்டும். இப்போது அதற்கு நேரமில்லை. காலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. டிவி அலமாரியில் அவர் பேனாக்கள் அநாதையாகப் படுத்துக் கிடந்தன. அவற்றைப் போட்டு வைக்கிற டப்பாவைக் காணோம். சிவப்பு உல்லன் நூல் சுற்றி தாரணி செய்து வைத்தது, தினமும் குறுக்கெழுத்துக்குப் பேனா எடுக்கிற டப்பா. அவள் செய்தது, அவள் எடுத்துக்கொண்டாள், அதில் என்ன தப்பு? தப்பில்லை. ஆனாலும் பேனாக்கள் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கட்டிலை எடுத்தபோது, பாத்திரத்தைப் பிரித்தபோது வராத வலி. அந்த டப்பாவையாவது விட்டுப் போயிருக்கலாம். கிழவனுக்கு ஒரு டப்பா. சீ, இது என்ன அற்பப் புத்தி. அவளைப் போகச் சொன்னதே நீர்தானே? ஆமாம், இவர்தான் சொன்னார். தங்கச்சி சரோஜினி பேத்தியின் காதுகுத்துக்குப் போன இடத்தில், பந்தியில் இருந்து எழுந்து கை கழுவுகிற இடத்தில் வைத்து, தண்ணீர்க் குழாயை மூடாமலே சரோஜினி சொன்னாள். அண்ணி போயாச்சு, பையனும் போயாச்சு, ஊட்ல நீயும் அந்தப் புள்ளையும் மட்டும், சின்ன வயசுப் புள்ள, நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கண்ணா, எங்காதுக்கே வந்துருச்சு. இவர் கையில் சோப்பு நுரை. குழாயை மூடு, தண்ணி வீணாப்போகுது என்று மட்டும் சொல்லத் தோன்றியது. வீட்டுக்கு வந்து படுத்து, எழுந்து, மறுபடி படுத்து, தாரணியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஓசூர் கம்பெனி வேலை நல்ல வேலை கண்ணு, விட்றாத, போயிரு என்றார். போகட்டுங்களா மாமா என்றாள். போ, போ, இங்க என்ன இருக்குது என்றார். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்து போயிற்று. அது என்ன என்று இன்றுவரை அவர் யோசிக்காத நாள் இல்லை. இந்த மனுசனும் நம்மைத் துரத்துகிறார் என்று நினைத்திருப்பாளா? அந்த நினைப்போடு டெம்போவில் ஏறுவாளா? சொல்லிவிடலாம். எதைச் சொல்வது? உன்னைப் பற்றி ஊர் இப்படிப் பேசுகிறது என்று அவள் காதில் போட்டு, அந்தப் புண்ணோடு அனுப்புவதா? அதற்கு இந்தப் புண்ணே தேவலாம். துரத்தினார் என்றே இருக்கட்டும். இருக்கட்டும் என்று நினைத்ததும் கண் எரிந்தது. மண்ணெண்ணெய்க் கையால் கண்ணைத் தொடாதீர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்று செய்யலாம். கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பேட் தள்ளிப் போகும், உரசாது, சத்தம் நின்றுவிடும். பிடிக்கும்போது லீவர் ஹேண்டில் வரை போய்த்தான் பிடிக்கும், அவ்வளவுதான். கையைக் கேபிள் பக்கம் கொண்டுபோனார். ஓசூர் ரோடு. அந்த ரோட்டில் போகிற லாரிகள். இவள் சின்னக் கை, லீவரை முழுக்க இழுத்தும் வண்டி நிற்காமல் முன்னால் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். கூடாது. இந்த வீட்டில் இன்னொரு சாவு, அதுவும் அவர் கையால், நடக்கக் கூடாது. அப்படியானால் வண்டி சரியாகவில்லை, இது இங்கேயே கிடக்கட்டும், அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். வண்டிக்காகவாவது அவள் வருவாள். ஆகா, நல்ல யோசனை, கண்டக்டர் புத்தி, மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது வாங்கிக்கோ என்பது போல. வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அந்த யோசனை போக மாட்டேன் என்றது. நாளைக்குக் காலையில் யார் பால் பாக்கெட்டை எடுப்பார்கள்? இவர்தான் எடுக்க வேண்டும். யார் டீ போடுவார்கள்? இவர்தான். ஒரு டம்ளர் டீக்கு எவ்வளவு தண்ணீர் என்றுகூட அவருக்குத் தெரியாது, அந்த வீட்டில் ஒரே ஒரு டம்ளர் டீ மட்டும் போட்டதே கிடையாது. குக்கர் விசில் இல்லாமல், குளியலறைக் கதவு கிறீச்சிடாமல், யாரும் மாமா என்று கூப்பிடாமல் ஒரு பகல் முழுவதும் எப்படிப் போகும்? ஸ்ஸ்ஸ் என்றது சக்கரம். எப்போது தட்டிவிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. இதுவாவது ஏதோ சத்தம் என்று விட்டுவிட்டு, அது தானே நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாமா, இன்னும் முடியலீங்களா?"

தாரணி நிலைப்படியில் நின்றிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள், முன்கையெல்லாம் சாக்குத் தூசி.

"உரசுது கண்ணு. என்ன பண்ணியும் உரசுது. முடுக்குனாத் தலையச் சாச்சுக்குது."

அவள் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் சக்கரத்தை மெதுவாகத் தள்ளினாள். கேட்டாள். பிறகு கேலிப்பருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"மேல் போல்ட்டுக்கு அடியில தகரத்துண்டு இருந்துச்சுங்களே மாமா. அது எங்கீங்க?"

"எந்தத் தகரம்?"

"நகத்தளவு இருக்குங்க. நடுவுல ஓட்ட போட்டிருக்கும். இந்த எடம் சைக்கிள் கம்பெனியிலயே கொஞ்சம் பள்ளமா வந்துருச்சாம். அதுக்காக அவருதான் வெட்டி வெச்சாரு. ரெண்டு துண்டு, ஒண்ணு மேல ஒண்ணு."

கிண்ணத்தில் மின்னியது அவர் கண்முன் வந்தது. வண்டலுக்கு நடுவே இரண்டு பொட்டு. மகன் கையால் வெட்டி, ஓட்டை போட்டு, பொருத்திப் பார்த்து வைத்துவிட்டுப் போன இரண்டு பொட்டு. சுத்தம் பண்ணுகிறேன் என்று அதைச் சுருட்டிக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. வீட்டில் அவன் சட்டை இருக்கிறது, வாட்ச் இருக்கிறது, அவையெல்லாம் கடையில் வாங்கியவை. அவன் செய்தது என்று இருந்தது அது ஒன்றுதான், அது இருந்ததே இவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். 

"குப்பையில போட்டுட்டேன் அம்மணி. துருன்னு நெனச்சு."

அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிய பெட்டியை மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் அந்தச் சிவப்பு நூல் டப்பா. உட்கார்ந்து நூல் முனையைத் தேடி எடுத்து, சுற்றுச் சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நூல் போர்வை மேல் விழுந்து குவிந்தது. உள்ளே இருந்து பளபளவென்று ஒரு தகர டின் வெளியே வந்தது, அதன் மேல் எழுத்து, படம். மருதாசலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பீர் டின்னுங்க மாமா," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்களுக்குத் தெரிஞ்சா வெட்டிப் பொலி போட்ருவீங்கன்னு நூலச் சுத்தி வெக்கச் சொன்னாரு."

"குடிப்பானா?"

"எப்பவாச்சுங்க. நல்லா மழை பேஞ்சா. ஒண்ணே ஒண்ணு, அதுலயும் பாதி எனக்குத் தர்றேன்னு வம்பு பண்ணுவாரு."

குடித்துவிட்டு ஏறுபவனை நடு ரோட்டில் விசிலடித்து இறக்கிவிட்ட கண்டக்டர் மருதாசலம், தினம் காலையில் குளித்து, திருநீறு பூசி, பீர் டின்னில் இருந்து பேனா எடுத்துக் குறுக்கெழுத்துப் போட்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. வயிற்றில் இருந்து கிளம்பிய சிரிப்பு நெஞ்சுக்கு வந்ததும் வேறாகிவிட்டது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை நாள் கழித்து அவனைப் பற்றி ஒரு புதுச் செய்தி. இனி ஒன்றும் புதிதாகத் தெரியப் போவதில்லை என்றுதானே இருந்தார்? மழையில் பால்கனியில் உட்கார்ந்து, அப்பா தூங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்து, இவளுக்குப் பாதி தருகிறேன் என்று வம்பு பண்ணியிருக்கிறான். தெரிந்திருந்தால் கத்தியிருப்பார். சத்தியமாகக் கத்தியிருப்பார். இப்போது அந்த மழையில் ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

டின்னின் பக்கவாட்டில் ஏற்கெனவே சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது, அவன் வெட்டி எடுத்த இடம். தாரணி அதை ஒட்டியே இரண்டு துண்டு வெட்டினாள், ஆணியால் ஓட்டை போட்டாள், விளிம்பைத் தரையில் தேய்த்தாள். அவர் மேல் போல்ட்டைக் கழற்றி, இரண்டையும் அடியில் வைத்து, விரலால் முடுக்கினார்.

"துண்டெல்லாம் கட்ட வேண்டாங்க மாமா. நான் புடிக்கறேன். எப்பவும் நாந்தானுங்க புடிக்கிற ஆளு."

அவள் தரையோடு உட்கார்ந்து லீவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். கேலிப்பர் தட்டைக் கவ்வி நின்றது. அவர் எல் கீயைப் போட்டார். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், மறுபடி மேலே. இந்தத் தடவை அது தலையைச் சாய்க்கவில்லை. இரண்டு பேர் முகமும் சக்கரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. அவள் லீவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க தங்கச்சி எங்கிட்டயும் சொன்னாங்க மாமா. அந்தக் காதுகுத்து அன்னிக்கேதான்."

அவர் கை நின்றுவிட்டது.

"நீங்க போகச் சொன்னது எதுக்குன்னு எனக்குத் தெரியுங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னுதான் நான் சரின்னு சொன்னேன். முடுக்குங்க."

முடுக்கினார். கண்ணுக்கு எல் கீ இரண்டாகத் தெரிந்தது, தடவித் தடவிப் போல்ட்டில் பொருத்தி முடுக்கினார். அன்று அவள் முகத்தில் வந்து போனது இதுதானா? இந்த வீட்டில் இரண்டு பேர் இத்தனை நாளாக ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சோறு போட்டிருக்கிறார்கள். சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தாலும் ஊர் வாய் மூடாது. டெம்போ வரத்தான் செய்யும். அவள் போகத்தான் வேண்டும். ஆனால் துரத்தினார் என்று நினைத்துக்கொண்டு போகமாட்டாள். அது போதும் என்று மனசு சொன்னது, போதாது என்றும் அதே மனசே சொன்னது. மேல் போல்ட் இறுகி நின்றுவிட்டது. கீழ் போல்ட்டும் நின்றுவிட்டது. இனி ஒரு நூல்கூட நகராது.

"ஆச்சுங்களா மாமா?"

"இன்னும் கொஞ்சம் புடி கண்ணு."

எல் கீயைப் போல்ட்டில் இருந்து லேசாக வெளியே இழுத்து, சும்மா திருப்பினார். மறுபடி திருப்பினார். அவள் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எத்தனையோ தடவை இப்படிப் பிடித்தவள், போல்ட் இறுகும்போது லீவரில் வருகிற அந்தச் சின்ன உதறல் நின்று வெகு நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் வெறும் காற்றில் முடுக்கிக்கொண்டே இருந்தார். தெருமுனையில் டெம்போ ஹாரன் அடித்தது. வீட்டு நம்பர் தெரியாமல் தேடுகிற ஹாரன். இன்னொரு தடவை அடித்தது, பக்கத்தில்.

"ஆச்சு," என்றார்.

அவள் கையை எடுத்தாள். உதறிக்கொண்டு, ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளினாள். கம்பிகள் ஒன்றாகக் கலந்து மறைந்தன. மருதாசலம் காதைக் கொண்டுபோனார், இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார், ஏதாவது கேட்காதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். சக்கரம் வெகு நேரம் சுற்றியது. சத்தம் வரவில்லை.